விசிலை யார் கையில் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்?

போன வாரம் எங்கள் பள்ளிக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு கல்லூரியைச் சேர்ந்த பதினான்கு மாணவர்கள் ஜூலையில் இரண்டு வாரம் இங்கே தங்கி, பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுக்க ஆசைப்படுகிறார்களாம். தலைமையாசிரியர் அதை என்னிடம் நீட்டி, "டீச்சர், இது உங்க சப்ஜெக்ட். நீங்களே பதில் எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டார். மூன்று நாளாக எழுதுகிறேன், அழிக்கிறேன். மனதில் இருப்பதை முதலில் தமிழில் கொட்டிவிட்டால் பதில் தானாக வரும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் பிள்ளைகளில் பலர் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மைதானம் என்று நாங்கள் சொல்வது மலையைச் செதுக்கி எடுத்த ஒரு தட்டு. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு. வாலிபால் அந்தப் பக்கம் போனால் ஒரு பிள்ளை இறங்கி, செடிக்குச் செடி குனிந்து தேடி, எடுத்துக்கொண்டு ஏறி வரப் பத்து நிமிஷம் ஆகும். பி.டி. பீரியடே நாற்பது நிமிஷம்தான். அதிலும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

முதலில் அந்த ஜூலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு அது கோடை விடுமுறை. எங்களுக்குத் தென்மேற்குப் பருவமழை. பக்கத்துத் தேவாலா ஊர் மழையைக் கேள்விப்பட்டவர்களுக்கு விளக்க வேண்டாம். கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு மட்டும் கலெக்டர் விடுமுறை விடும் நாட்கள் அந்த மாதத்தில் வரும். மழை விட்டாலும் மைதானம் சேறு, காலில் அட்டை, பனிமூட்டத்தில் எதிர் கோர்ட்டில் நிற்பவள் முகம் தெரியாது. அதே சமயத்தில்தான் பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிகளுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்தாக வேண்டும். மழை விட்ட ஒரு மணி நேரம் எனக்குத் தங்கம். அந்த ஒரு மணி நேரத்தைப் புதிதாக வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதில் செலவழிக்க எனக்கு மனசு வராது.

முன்பு ஒருமுறை வந்த குழு ரவுண்டர்ஸ் சொல்லிக்கொடுத்தது. இங்கிலாந்துப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆடும் ஆட்டம். சின்ன மட்டையால் பந்தை அடித்துவிட்டு நாலு கம்பத்தையும் சுற்றி ஓட வேண்டும். எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து ஆடினார்கள். பத்து நாள் பள்ளியே கலகலவென்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குறுவட்டத்தில் அந்த ஆட்டம் கிடையாது. குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டம், மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம், மாநிலத்தில் வாங்கும் சான்றிதழை வைத்துக் கல்லூரியில் இடம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு விளையாட்டு என்பது அந்தப் படிக்கட்டு. அவள் ஏற வேண்டிய படி எது என்று ஒரு வார்த்தை எங்களிடம் கேட்டிருந்தால், அந்தப் பத்து நாளும் எறிபந்துக்கும் வாலிபாலுக்கும் போயிருக்கும். மட்டைகள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன.

அந்தக் குழுவை அழைத்து வந்த இடைத்தரகு நிறுவனம் மாணவர்களிடம் பெரிய தொகை வாங்கியிருந்தது. கடைசி நாளில் ஒரு பெண் அதை என்னிடம் சொல்லி, "எல்லாம் பள்ளிக்குத்தானே வருது?" என்று கேட்டாள். ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றேன். அவள் அழுதுவிட்டாள். அவளுக்காக எனக்கும் வருத்தமாக இருந்தது. பள்ளி விடுமுறையில் கடையில் நின்று சேர்த்த காசாம் அது.

சாயங்காலம் ஆறு மணி வரை பயிற்சி வைக்கலாம் என்றும் ஆர்வமாகக் கேட்டார்கள். இங்கே யானை நடமாட்டம். இருட்டுவதற்குள் பிள்ளைகள் லைன் வீடு போய்ச் சேர வேண்டும். மதியம் சத்துணவு சாப்பிட்ட வயிறு நாலரைக்குக் காலி. இதெல்லாம் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்காது. இங்கே இருக்கிறவளிடம் கேட்டால்தான் தெரியும்.

வரவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதற்குக் காரணம் முன்பு வந்தவர்களில் இரண்டு பேர்.

ஒருவன் கால்மூட்டில் அடிபட்டு ஓட முடியாமல் வந்தவன். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு நாள் பார்த்தான். பந்து எத்தனை முறை சரிவில் போகிறது என்று கோடு போட்டு எண்ணியிருக்கிறான். மூன்றாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கூடலூர் போய் நைலான் வலை வாங்கினான். பத்தாம் வகுப்புப் பையன்கள் மூங்கில் வெட்டி வந்தார்கள். இரண்டு நாளில் சரிவுப் பக்கம் முழுக்க வலை கட்டியாகிவிட்டது. அவன் ஒரு பந்துகூட எறியச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் எங்கள் பிள்ளைகள் முழு பீரியடும் ஆடினார்கள்.

இன்னொருத்தி வாலிபால் நடுவர். மூன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள். அதில் ஒருத்தி, குள்ளம் என்று நானே டீமில் எடுக்காமல் விட்டவள். இப்போது நினைத்தாலும் எனக்கு உறுத்துகிறது. மூவருக்கும் நடுவர் வேலையைச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் விசில், உடனே அடுத்து யார் சர்வீஸோ அந்தப் பக்கம் கை, அப்புறம்தான் என்ன தப்பு என்று காட்ட வேண்டும். பந்து வலையருகே தடுக்கிறவர் கையில் பட்டு வெளியே போனால், ஒரு கையை நிமிர்த்தி அதன் விரல் நுனியை மறு கையால் தடவிக் காட்ட வேண்டும். அந்தத் தடவலை நான் டீமில் எடுக்காத அந்தப் பிள்ளை சத்துணவு வரிசையில் நின்றுகூடப் பழகிக்கொண்டிருப்பாள். கிளம்பும் நாளில் அந்தப் பெண் தன் விசிலைக் கழற்றி இவள் கழுத்தில் போட்டுவிட்டுப் போனாள். அடுத்த வருஷமும் சொந்தச் செலவில் வந்தாள், ஐந்து நாளுக்கு. வந்ததும் முதல் வேலையாக இவளை நடுவர் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுத் தான் ஸ்கோர் எழுத உட்கார்ந்தாள்.

சென்னை நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை எங்கள் தொழிலில் தெரியாதவர் இல்லை. 1920-ல் அதைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக் ஒரு அமெரிக்கர். அவர் பிள்ளைகளுக்கு நேராகப் பந்து எறியச் சொல்லிக்கொடுப்பதோடு நிற்காமல், சொல்லிக்கொடுக்கும் ஆட்களை உருவாக்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனார். 1943-ல் இறக்கும் வரை அந்தக் கல்லூரிக்காகவே உழைத்தார். எனக்குப் பாடம் நடத்திய வாத்தியாரின் வாத்தியார் அந்தக் கல்லூரியில் படித்தவர். இரண்டு வாரத்துக்கு வருகிற இருபது வயதுப் பிள்ளையிடம் இருபது வருஷத்தைக் கேட்க முடியாது. இருக்கிற நாட்களை இங்கேயே இருக்கப்போகிற ஒருவருக்குக் கொடு என்று கேட்கலாம். பிரிட்டிஷ் பல்கலைக்கழக மாணவர்கள் ஜாம்பியாவுக்குப் போய் விளையாட்டுப் பயிற்சி கொடுக்கும் திட்டம் ஒன்றில், அந்த ஊர் இளம் பயிற்சியாளர்களோடு ஜோடி சேர்ந்துதான் வேலை செய்கிறார்கள் என்று படித்தேன். அது சரியான வழி.

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலைப் பள்ளிக்கு உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும். 2012-ல் தமிழகத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. உடற்கல்வி, ஓவியம், தையல் எல்லாம் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்! அந்த இடத்தை வெளிநாட்டு மாணவர்கள் நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. மலைக்குக் கீழே கோயம்புத்தூரில் உடற்கல்வி படிக்கிற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பேச்சு புரியும், இந்த ஆட்டங்களை ஆடியவர்கள், வருஷா வருஷம் வர முடியும். அவர்களைக் கூப்பிட நமக்கு ஏன் தோன்றுவதில்லை? வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்தால் வாசலில் கோலம் போட்டு வரவேற்கிறோம். நம் கல்லூரி மாணவன் வந்தால், "லெட்டர் இருக்கா தம்பி?" என்று கேட் அருகிலேயே நிறுத்துகிறோம். உண்மையில் இரண்டு பேரிடமும் கேட்க வேண்டியதுதான். யார் வந்தாலும் அனுமதிக் கடிதம், அடையாளச் சான்று, பிள்ளைகளைப் படமெடுக்கப் பெற்றோர் சம்மதம். என் பிள்ளைகளின் சேறு படிந்த காலைப் படமெடுத்து எங்கோ ஒருவர் தன் இணையப் பக்கத்தில் போட்டுப் பரிதாபம் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காலுக்குரியவள் மாவட்ட அளவில் 800 மீட்டர் ஓடியவள். அது அந்தப் படத்தின் கீழே எழுதியிருக்கவில்லை.

இதை எழுதி முடிக்கும்போது பதிலும் ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது. பதினான்கு பேர் வேண்டாம், நாலு பேர் போதும். பிப்ரவரியில் வாருங்கள், வெயிலும் இருக்கும், மைதானமும் காய்ந்திருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை பிள்ளைகளோடு இருங்கள். எறிபந்து, வாலிபால், தடகளம் மூன்றில் எது தெரியுமோ அதைச் சொல்லுங்கள். உங்களில் நடுவர் பயிற்சி பெற்றவர் இருந்தால், இங்கே ஒரு பிள்ளை சேர்ந்து நிற்கக் காத்திருக்கிறாள். இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள், சனிக்கிழமைகளில் வந்து ஆறாம் வகுப்பு ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறாள், விசில் அதேதான். சரிவுப் பக்கத்து வலை போன மழையில் இரண்டு இடத்தில் கிழிந்திருக்கிறது. முடிச்சுப் போடத் தெரிந்தவர் யாராவது இருந்தால் முதலில் அவர் பெயரை எழுதுங்கள்.