இக்காரஸ் சூரியனைப் பிடிக்கக் கிளம்பியவன் அல்ல

"சூரியனைத் தொடும் பேராசையில் இக்காரஸ் பறந்தான், உயரே போகாதே என்று மட்டும் தந்தை எச்சரித்தார்" என்று கிரேக்கப் புராணச் சிறுவன் இக்காரஸைப் பற்றி ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

கிரீட் தீவில் மன்னன் மினோஸிடமிருந்து தப்பிக்கத்தான் தந்தை டெடலஸ் இறகுகளை நூலாலும் மெழுகாலும் இணைத்தார். பக்கத்தில் நின்ற சிறுவன் அந்த மெழுகைக் கட்டைவிரலால் அமுக்கி விளையாடினான் என்கிறார் ரோமானியக் கவிஞர் ஓவிட். அவர் சொல்லும் எச்சரிக்கையும் இரண்டு பக்கம் கொண்டது: தாழப் பறந்தால் கடல்நீர் இறக்கையைக் கனமாக்கும், உயரப் போனால் வெயில் எரிக்கும், நடுவே வா. மகனுக்கு இறக்கை பூட்டும்போது டெடலஸின் கை நடுங்கியது. இதையெல்லாம் வெட்டிவிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே என்று வருத்தமாக இருக்கிறது.

வானத்தின் மேல் ஆசை அப்புறம்தான் வந்தது, பறக்கும் சுகத்தில். மெழுகு உருகியது. அவன் விழுந்த கடலுக்கு இக்காரியக் கடல் என்று பெயர்.