ஜார்ஜியாவில் திருட்டு நடந்தது ஜூலையில்

அமெரிக்க அரசியல் கதை பேசுகிறவர்களுக்கு 1947 ஜார்ஜியா என்றால் கொண்டாட்டம்தான். ஒரே மாநிலத்துக்கு மூன்று கவர்னர்கள்!

கவர்னர் தேர்தலில் ஜெயித்த யூஜின் டால்மட்ஜ் பதவியேற்கும் முன்பே, 1946 டிசம்பரில் இறந்துபோனார். சட்டமன்றம் அவர் மகன் ஹெர்மனைக் கவர்னராக்கியது. பழைய கவர்னர் எல்லிஸ் ஆர்னால் இறங்க மறுத்தார். ஹெர்மனின் ஆட்கள் பூட்டை மாற்றிவிட, அவர் தலைமைச் செயலகக் கூடத்தின் தகவல் மேசையில் போய் உட்கார்ந்தார். துணை கவர்னராகத் தேர்வாகியிருந்த தாம்ஸனும் ‘நான்தான் கவர்னர்’ என்றார். மாநிலச் செயலாளர் பென் ஃபோர்ட்சன், அரசு முத்திரையைத் தன் சக்கர நாற்காலி மெத்தைக்கு அடியில் ஒளித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஹெர்மனுக்கு எப்படி உரிமை வந்தது? ஜெயித்தவர் இறந்தால் ஓட்டு வாங்கிய மற்றவர்களிலிருந்து சட்டமன்றமே ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கணக்கில், அப்பாவின் உடல்நிலை தெரிந்த ஆதரவாளர்கள் சிலர், நவம்பரில் வாக்குச்சீட்டில் மகன் பெயரை எழுதிப் போட்டிருந்தார்கள். அதுவும் போதவில்லை. பிறகு சொந்தக் கவுண்டியான (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) டெல்ஃபேரிலிருந்து 58 ஓட்டுகள் ‘கிடைத்தன’. அட்லாண்டா ஜர்னல் நிருபர் ஜார்ஜ் குட்வின் போய்த் துருவினால், பாதிக்கு மேல் பேர் அகரவரிசைப்படி வந்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். செத்தவர்களும் உண்டு. குட்வினுக்கு 1948இல் புலிட்சர் பரிசு. மாநில உச்ச நீதிமன்றம் தாம்ஸன் பக்கம் தீர்ப்புச் சொல்ல, ஹெர்மன் 67 நாளில் வெளியேறினார்.

சிரிக்கத்தக்க கதைதான். ஆனால் எல்லோரும் இந்த 58 கள்ள ஓட்டையே பேசிப் பேசி, அதற்கு முந்தைய ஜூலையில் நடந்ததை மறைத்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

அன்றைய ஜார்ஜியாவில் டெமாக்ரடிக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மக்களிடம் நடத்தும் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தவரே கவர்னர். நவம்பர் வெறும் சடங்கு. 1946 ஜூலை 17 அன்று நடந்த அந்தத் தேர்தலில் ஜேம்ஸ் கார்மைக்கேலுக்கு 3,13,389 ஓட்டு. டால்மட்ஜுக்கு 2,97,245. ஜெயித்தவர் டால்மட்ஜ்!

காரணம் ‘கவுண்டி யூனிட்’ முறை. மொத்தம் 159 கவுண்டிகள். பெரிய எட்டுக்குத் தலா 6 யூனிட், அடுத்த முப்பதுக்குத் தலா 4, மீதி 121க்குத் தலா 2. கவுண்டியில் முதலிடம் பிடித்தவருக்கு அதன் யூனிட் முழுவதும். அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுண்டியில் எத்தனை லட்சம் பேர் இருந்தாலும் 6தான். 1960 கணக்குப்படி எக்கல்ஸ் கவுண்டியில் 938 பேருக்கு ஒரு யூனிட். ஃபுல்டனில் 92,721 பேருக்கு ஒன்று. டிராம் ஓடும் ஊரின் ஓட்டே தனக்கு வேண்டாம் என்று டால்மட்ஜ் பெருமையடித்தது சும்மா இல்லை. யூனிட் கணக்கில் அவருக்கு 242, கார்மைக்கேலுக்கு 146.

‘நகரம் கிராமத்தை விழுங்காமல் இருக்க வேண்டாமா?’ என்று இதற்கு வாதாடினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எந்தக் கிராமத்தான் என்பதுதான் கேள்வி. அந்தப் பருத்திக் காடுகளில் குத்தகைக்கு உழைத்த கறுப்பர்கள் கிராமத்தார் இல்லையா? கொலம்பஸ் நகரத்து பிரைமஸ் கிங் வழக்குப் போட்டு ஜெயித்த பிறகுதான் அவர்களுக்கு அந்த உட்கட்சித் தேர்தலில் ஓட்டே கிடைத்தது. அதைத் தட்டிப் பறிப்பேன் என்பதுதான் டால்மட்ஜின் பிரசாரமே. அவர் ஆட்கள் ஆட்சேப மனுக்களை அச்சடித்து அனுப்பி, ஆயிரக்கணக்கான கறுப்பர்களைப் பட்டியலிலிருந்து நீக்க வைத்தார்கள். டெய்லர் கவுண்டியில் ஓட்டுப் போட்ட மாஜி ராணுவவீரர் மேசியோ ஸ்னைப்ஸை, தேர்தல் முடிந்த கையோடு வீடு தேடி வந்து சுட்டார்கள். சில நாளில் இறந்தார். அதே மாதம் மூர்ஸ் ஃபோர்ட் பாலத்தருகே இரண்டு கறுப்பினத் தம்பதிகளை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. மூன்று கவர்னர் கதையை ரசித்துச் சொல்கிறவர்கள் இந்த ஐந்து பேரைச் சொல்வதே இல்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

டெல்ஃபேர் மோசடி ஒரு நிருபருக்கே பிடிபட்டது. யூனிட் முறையோ சட்டப் புத்தகத்திலேயே இருந்ததால் பிடிக்க ஒன்றுமில்லை. 1962இல்தான் நீதிமன்றம் அதைத் தடுத்தது; 1963இல் ‘கிரே எதிர் சாண்டர்ஸ்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருவருக்கு ஒரு வாக்கு என்று முடித்துவைத்தது. ஹெர்மன் அதற்குள் 1948இல் முறையாகவே ஜெயித்துக் கவர்னராகி, பிறகு செனட்டில் 24 வருஷம் இருந்தார்.

அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் சட்டமன்றமே கவர்னரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதி அப்படியே கிடந்தது. 1966இல் போ கேலவே என்ற ரிபப்ளிகன் முதலிடம் வந்தும் பாதியைத் தொடவில்லை. சட்டமன்றம் லெஸ்டர் மேடக்ஸைத் தேர்ந்தெடுத்தது. தன் உணவகத்துக்கு வந்த கறுப்பர்களைக் கோடரிக் காம்பு காட்டி விரட்டி, அதனாலேயே பெயர் வாங்கியவர் அவர். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தவறில்லை என்றார்கள்.