8 வேகன் நிக்காது அண்ணாச்சி

அண்ணாச்சி, மாடல் ரயில் யார்டு போடுறதைப் பத்தி, ‘எச்ஓ அளவுல (நிசத்துல 87-ல ஒரு பங்கு) பாக்ஸ்என் வேகன் (நிலக்கரி ஏத்துற திறந்த சரக்குப் பெட்டி) 12 சென்டிமீட்டர் சொச்சம், அதனால கூட்ஸ் யார்டுல 1 மீட்டர் தடத்துல தாராளமா 8 நிப்பாட்டலாம்’னு சொல்லுதிய. வேகன் கணக்கு சரிதான், 10.713 மீட்டரை 87-ஆல வகுத்தா 12.3 வருது. தடத்துக் கணக்குதான் தப்பு.

பாயின்ட்டுல ஒரு தடம் ரெண்டாப் பிரிஞ்ச உடனே ரெண்டும் ஒட்டித்தான் போகும். நல்லா விலகுற இடம் வரைக்கும் வேகன் நிக்கக் கூடாது. நம்ம திருநெல்வேலி ஜங்ஷன்ல பிளாட்பார நுனியில நின்னு பாருங்க, ரெண்டு தடத்துக்கு நடுவுல ஒரு அடையாளம் இருக்கும். ஃபவுலிங் மார்க். அதைத் தாண்டி எதுவும் நிக்காது.

நானும் இப்படித்தான் எண்ணி 8 வேகன் வாங்கி வச்சேன். பக்கத்துத் தடத்துல எஞ்சின் வந்துச்சு, கடைசி வேகன் மூலையில ‘டக்’. வேகன் மேசையில இருந்து தரைக்குப் போயிட்டு, கப்ளிங் ஒடிஞ்சதுதான் மிச்சம்.

பலகையில ஆணி அடிக்கதுக்கு முன்னாடி தடத்தைச் சும்மா பரத்தி வச்சு, ஒரு தடத்துல உங்ககிட்ட இருக்கதுலயே நீளமான எஞ்சினை உருட்டுங்க. பக்கத்துத் தடத்துல ஒரு வேகனை நிப்பாட்டி, அதுல இடிக்காத இடத்துல பென்சில் கோடு போடுங்க. அங்கிருந்து தடத்தோட கடைசியில இருக்க பஃபர் வரைக்குந்தான் உங்க நீளம். என் யார்டுல அது 6 வேகனுக்குத்தான் வந்துச்சு.

ஷன்டிங் நெக்கும் (வேகனைத் தடம் மாத்த முன்னயும் பின்னயும் இழுக்கிற தனித் தடம்) அதே 6 வேகனோட எஞ்சினையும் சேர்த்துத் தாங்கணும். இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் மெயின் லைனை மறிச்சுக்கிட்டுத்தான் நிப்பிய.