துணியை முதலில் மேசையில் வையுங்கள்

கொழும்பில் ஃபேஷன் டிசைன் படிக்கிற பிள்ளைகளின் வேலைகளைப் பார்க்க என்னை அவ்வப்போது கூப்பிடுவார்கள். கார்மென்ட் துறையில், வாங்குபவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று ஓர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மேர்ச்சண்டைசராகக் காலம் தள்ளியவள் என்பதால் கூப்பிடுகிறார்கள். பார்த்ததை வைத்து ஒன்று சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இவர்கள் நன்றாகத் தைக்கிறார்கள், நன்றாகக் கீறுகிறார்கள். ஆனால் எழுந்து நின்று "என் கான்செப்ட்..." என்று உடுப்புக்கு அடிப்படையான கருத்தைச் சொல்லத் தொடங்கியதுமே கால் சறுக்குகிறது.

கடலலை, பெண்ணின் வலிமை, இயற்கையும் நவீனமும். இந்த மூன்றும் ஒவ்வொரு வருடமும் தவறாமல் வரும். கடலலை என்றால் நீலத் துணி, கீழே ஃப்ரில், ஸ்லைடில் காலிமுகத்திடலின் மாலைச் சூரியன். சரி, கையை ஏன் முழங்கைக்கு மேலே நிறுத்தினாய் மகள்? "வடிவா இருந்தது மிஸ்." கழுத்து ஏன் சதுரம்? அதற்கும் வடிவுதான் காரணம். அப்படியென்றால் அந்த உடுப்பில் கடலலைக்கு என்ன வேலை? பெயரை மாற்றி மழைமேகம் என்று போட்டாலும் அதே உடுப்புத்தானே நிற்கும்.

கான்செப்ட் உங்களை எதையாவது விடச் சொல்ல வேண்டும். இந்த நிறம் வேண்டாம், இந்த பட்டன் வேண்டாம், இந்தத் துணி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று அது மறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற கான்செப்டை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1993இல் 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' என்ற வரிசையைக் கொண்டுவந்தார். வழக்கமாகத் துணியை முதலில் மடிப்பு வைத்து, பிறகு வெட்டித் தைப்பார்கள். அவர் தலைகீழாகச் செய்தார். தேவையான அளவைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக வெட்டி, தைத்து முடித்த உடுப்பைக் காகிதங்களுக்கு நடுவில் வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்பு ஏற்றினார். மடிப்பு நிலைத்து நிற்க வேண்டுமென்றால் பொலியெஸ்டர்தான் சரிவரும், அதனால் பருத்தி போய்விட்டது. உடுப்பு உடம்போடு நீண்டு சுருங்குவதால் இறுக்கமான வெட்டும் தேவைப்படவில்லை. மெஷினில் துவைக்கலாம், அயர்ன் பண்ணத் தேவையில்லை, பெட்டியில் சுருட்டி வைக்கலாம். ஒரு முடிவை எடுத்தார், மற்றவை அதன் பின்னால் வரிசையாக வந்தன. கான்செப்ட் வேலை செய்வது இப்படித்தான்.

ஜப்பான் வரை போகவும் தேவையில்லை. அண்மையில் ஒரு தம்பி காட்டிய வேலை இன்னும் மனதில் நிற்கிறது. அவன் புறக்கோட்டையில் கெய்சர் வீதிப் பக்கம் நின்று, மூட்டை சுமக்கிற நாட்டாமிகளைப் பார்த்திருக்கிறான். துணிக்கட்டைத் தோளில் ஏற்றும்போது சட்டை எங்கே உரசுகிறது, துண்டை எப்படி மடித்து வைக்கிறார்கள், சாரத்தை எந்த உயரத்தில் மடித்துக் கட்டுகிறார்கள் என்று கொப்பியில் கீறி வந்தான். சுமை உடம்பில் படும் இடத்தில் மட்டும் துணி இரட்டை மடிப்பு, மற்ற இடங்களில் ஒற்றை. அவன் போட்ட விதி அவ்வளவுதான். அதனால் ஒரு தோள் தடித்தது, மற்றது மெலிந்தது, கழுத்துக்கோடு தானாகவே ஒரு பக்கம் சாய்ந்தது. துணி மருதமுனைக் கைத்தறிச் சாரம். நிறம் சாக்கு, கயிறு, துவைத்து வெளுத்த நீலம், அதோடு சரி. பளபளப்பாக ஒன்றும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சுமையோட உரசினா அது நிக்காது அக்கா" என்றான். பதில் உடுப்புக்குள்ளேயே இருந்தது.

யோசனைக்காகப் படங்களையும் நிறங்களையும் ஒட்டிவைக்கிற மூட் போர்ட் பற்றியும் சொல்ல வேண்டும். பின்டெரெஸ்டில் இறக்கிய படங்களை ஒட்டினால் உங்கள் போர்டும் பக்கத்து மேசைப் பிள்ளையின் போர்டும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரித்தான் இருக்கும். இப்போது ஏஐ படமும் சேர்ந்துவிட்டது. பார்க்க அபாரம், ஆனால் தையல் எங்கே வருகிறது என்று கேட்டால் அந்தப் படத்துக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பேர்ஃபூட் என்ற கைத்தறி நிறுவனத்தைத் தொடங்கிய பார்பரா சன்சோனி இந்த நாட்டு நிலக்காட்சியிலிருந்து நிறங்களை எடுத்துத் தறிக்குக் கொடுத்தவர். காலி வீதியில் அந்தக் கடைக்குள் ஏறி, ஒரு துணியில் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எவ்வளவு அகலத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை.

படம் கீறுவதில் ஒரு சிக்கல். ஃபேஷன் ஸ்கெட்சில் உருவத்தை ஒன்பது தலை உயரத்துக்கு இழுப்பது வழக்கம். உண்மையான மனிதர் ஏழு, ஏழரை தலை உயரம்தான். இழுத்த காலில் எந்தப் பாவாடையும் அழகாகத் தெரியும். அதனால்தான் பக்கத்திலேயே தட்டையான தொழில்நுட்பப் படத்தையும் கேட்கிறோம். தையல் கோடு, டார்ட் (உடம்பின் வளைவுக்கு ஏற்பப் பிடித்துத் தைக்கும் மடிப்பு), ஜிப், பின்பக்கம் எல்லாம் அதில் தெரிய வேண்டும். பின்பக்கத்தைக் கீறாமல் வருகிறவர்கள்தான் அதிகம், அணிகிறவருக்கு முதுகே இல்லை என்பது போல!

இதெல்லாம் வகுப்பறைச் சண்டை என்று நினைக்க வேண்டாம். உலக ஆடை வர்த்தகத்தில், ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு வைத்த கோட்டா முறை 2005 தொடக்கத்தோடு முடிந்தபோது, இலங்கைத் தொழிற்சாலைகள் படுத்துவிடும் என்று பலர் பயந்தார்கள். தைத்துக் கொடுப்பதோடு நிற்காமல், வடிவமைப்பையும் சேர்த்து வாங்குபவர் முன் வைத்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். வாங்குபவர் உங்கள் ஸ்லைடைப் படிக்க மாட்டார். துணியைக் கையில் எடுப்பார், கசக்குவார், உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

தமிழ்ப் பிள்ளைகளிடம் தனியாக ஒன்று. கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலிருந்து வந்து தங்கியும் படிக்கிற நீங்கள் ஆங்கிலத்தில் பேசப் பயந்து, மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்புவிக்கிறீர்கள். ஒரு தங்கச்சியின் ஆங்கிலத்தைத் திருத்துவதிலேயே ஒரு நடுவர் நேரத்தைக் கழித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவளுடைய தாவணிக் கொசுவத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது அநியாயம். அந்த நேரத்தில் அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடியது துணிதான் என்பது என் எண்ணம். துணியை முதலில் மேசையில் வையுங்கள். பிறகு வெளுக்காத பருத்தியில் தைத்துப் பார்த்த மாதிரிகள், சரிவராமல் போனவையும் சேர்த்து. யார் அணிவதற்கு, எங்கே போவதற்கு என்று ஒரு வசனம். எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று இரண்டு வசனம். அதற்கு வேண்டிய ஆங்கிலம் உங்களிடம் இருக்கிறது. நடுவே தடுக்கினால் துணியைத் தூக்கிக் காட்டுங்கள், நடுவர்களின் கண் தானாக அங்கே போகும்.

பிள்ளைகள் கழித்த ஸ்கெட்ச்களை ஒளித்துவைப்பதற்கு நிறுவனங்களும் ஒரு காரணம். கடைசி உடுப்புக்கும் மேடை நடைக்கும் புள்ளிகளை அள்ளிக் கொடுத்துவிட்டு, வேலைக் கொப்பியைச் சும்மா புரட்டிப் பார்த்தால் பிள்ளை வேறென்ன செய்யும்? பாதிப் புள்ளியாவது அந்தக் கொப்பிக்குக் கொடுக்க வேண்டும். மாட்டேன் என்கிறவர்கள் காரணத்தைக் கீழே எழுதுங்கள், வாதாடலாம்.

போர்ட்ஃபோலியோ தயார் செய்கிற பிள்ளைகள் யாராவது காட்ட விரும்பினால் உள்பெட்டியில் எழுதுங்கள். சனிக்கிழமைகளில் நேரம் இருக்கும், காசு ஒன்றும் வேண்டாம். துணி இல்லாமல் ஃபோனை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி மட்டும்தான் கிடைக்கும்.