டீசல் தொட்டிச் சுவருக்குக் கம்பி வேண்டாமா?

பினாங்கு மாநிலத்தின் பிறை, பட்டர்வொர்த் பக்கத் தொழிற்கூடக்காரர்களின் புலனக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "மலேசியாவில் நிலநடுக்கம் வராது. டீசல் தொட்டியைச் சுற்றி நாலரை அங்குலச் செங்கல் சுவர் போதும், கம்பி வீண் செலவு." இது தவறு.

முதலில் நிலநடுக்கத்தை விடுங்கள். தொட்டி உடைந்தால் கொட்டும் எண்ணெயைப் பிடித்து நிறுத்தத்தான் இந்தச் சுவர். சுவருக்குள் ஒரு மீட்டர் உயரம் தண்ணீர் நின்றாலே, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 500 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளும். டீசல் சற்று இலேசு, அவ்வளவுதான். உயரம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. அடியில் சுவரை வளைக்கும் திருப்புவிசையோ எட்டு மடங்கு! செங்கல் சுவர் நசுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. கலவை இணைப்பு விரிந்துவிடும். அடித்தளத்திலிருந்தே செங்குத்தாகக் கம்பி எழுப்பி, துளைக் கற்களுக்குள் கான்கிரீட் நிரப்புவது அதற்காகத்தான்.

சரி, நிலநடுக்கம்? தீபகற்பத்தில் ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் 'வராது' என்பது பொய். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா நிலநடுக்கத்தின் அதிர்வைப் பினாங்கு உணர்ந்தது; அப்புறம்தான் ஆழிப்பேரலை வந்தது. 2015இல் சபா மாநிலத்தின் ரானாவ் பகுதியில் நிலநடுக்கத்தால் 18 பேர் இறந்தார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டடங்களை வடிவமைக்கும் ஐரோப்பிய விதித்தொகுப்புக்கு (யூரோகோட் 8) மலேசியாவுக்கென்றே தேசியப் பின்னிணைப்பும் இருக்கிறது.

இதில் பலர் மறப்பது வரிசையை. குலுக்கல் சுவரில் விரிசல் விடும், அதே குலுக்கல் தொட்டியின் குழாயையும் பிய்க்கும். விரிசல் விட்ட சுவர்தான் அப்போது எண்ணெயைப் பிடித்து நிறுத்த வேண்டும்.