முப்பது வெள்ளி இயர்போன் போதுமா?

போதும். பாட்டு கேட்க என்றால் தாராளமாகப் போதும். கம்பி உள்ளதாக இருக்க வேண்டும், காதில் சரியாக உட்கார வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைதான். இருநூறு முந்நூறு வெள்ளி கொடுத்தால்தான் 'நல்ல சவுண்ட்' வரும் என்று சொல்லி விற்பதும், அதை நம்பி மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் இங்கே சிங்கப்பூரில் சர்வசாதாரணமாக நடக்கிறது. அந்தக் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி ஒலிக்குப் போவதில்லை.

2017ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஜெரோன் பிரெபார்ட் என்பவரின் கட்டுரை ஒன்று வந்தது. 283 ஹெட்போன்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக வருகிறது என்ற அளவீட்டையும் அதன் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலித்தரம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த அளவீட்டில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

காரணம் எளிது. இயர்போனுக்குள் இருப்பது 10 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், பின்னால் ஒரு காந்தம். லட்சக்கணக்கில் செய்யும்போது இதன் அடக்கவிலை மிகக் குறைவு. ஒலியைத் தீர்மானிப்பது அதைச் சுற்றியுள்ள விஷயங்கள்: கூட்டின் உள்ளளவு, காற்று போகும் ஊசித்துளை, குழாய் முனையில் ஒட்டிய வலையின் அடர்த்தி. வலையை மாற்றச் சில காசுகள் போதும். எந்த வலையை மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் முன்பு செலவு அதிகம். ஐஇசி 60318-4 தரத்தில் செய்த செயற்கைக் காது ஒன்று வாங்கவே ஆயிரக்கணக்கில் ஆகும். இப்போது அதே அமைப்பில் மலிவான கருவிகள் வந்துவிட்டன. எந்த அதிர்வெண் எவ்வளவு ஏறி இறங்கினால் காதுக்குப் பிடிக்கிறது என்று ஷான் ஆலிவ் குழுவினர் ஹார்மன் நிறுவனத்தில் பல ஆண்டுகள் சோதித்து ஆய்வுக்கட்டுரைகளாகவே வெளியிட்டுவிட்டார்கள். பரீட்சையின் விடைத்தாள் வெளியே வந்துவிட்டது போலத்தான். சின்ன நிறுவனமும் நல்ல மதிப்பெண் வாங்குகிறது.

இதில் நம் ஊருக்கும் பங்குண்டு. கிரினாக்கிள் என்ற பெயரில் இயர்போன்களை அளந்து, வரைபடங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் அடுக்கி வைத்தவர் சிங்கப்பூர்க்காரர். 2022ல் ட்ரூதியர் ஜீரோ, 2023ல் செவன்ஹெர்ட்ஸ் ஜீரோ 2 ஆகிய இயர்போன்களின் ஒலி அமைப்பில் அவருடைய கை இருந்தது. ஜீரோ 2 வெளிவந்த விலை 25 அமெரிக்க டாலர். மூன்ட்ராப் சூ 2 அதைவிடக் குறைவு, 19 டாலர். நம் வெள்ளியில் இரண்டுமே முப்பது, முப்பத்தைந்துக்குள் அடங்கிவிடும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தச் சுத்தம் வேண்டுமென்றால் முந்நூறு வெள்ளியாவது எடுத்து வைக்க வேண்டியிருந்திருக்கும்.

காதுக்குள் செருகுவது பிடிக்காதவர்களுக்கு காஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ ஹெட்போன் இருக்கிறது. 1984ல் வந்தது, இன்றும் ஏறக்குறைய அதே வடிவத்தில் விற்கிறது. அதன் தம்பி காஸ் கேஎஸ்சி75, காதில் கொக்கிபோல மாட்டுவது, 20 அமெரிக்க டாலர் அளவில் கிடைக்கும். பின்பக்கம் திறந்திருப்பதால் பாட்டு தலைக்குள் அடைபடாமல் வெளியே விரிந்து கேட்கும். வீணை, வயலின், குரல் எல்லாவற்றுக்கும் அருமை. மின்தடை 60 ஓம் என்று பெட்டியில் பார்த்ததும் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1 மில்லிவாட்டுக்கு 101 டெசிபெல் தரும் ஹெட்போன் அது. கைப்பேசியிலிருந்து 1 வோல்ட் போனால் 60 ஓமில் அது கிட்டத்தட்ட 17 மில்லிவாட், அதாவது 113 டெசிபெல். காது தாங்காத சத்தம்.

ஆனால் பின்பக்கம் திறந்த போர்ட்டா ப்ரோவை எம்ஆர்டி ரயிலில் போடாதீர்கள், வெளிச்சத்தமெல்லாம் உள்ளே வரும். இந்த ஒரு விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து, 'மலிவானது மலிவானதுதான்' என்ற முடிவுக்கு வருகிறார்கள். சுரங்கத்தில் ரயில் போகும்போது எழும் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. பாட்டில் பேஸும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இரைச்சல் பேஸை விழுங்கிவிடும், மிஞ்சுவது கீச்சென்ற மேல்பகுதி மட்டும். உடனே சத்தத்தைக் கூட்டுவோம். இல்லையென்றால் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று போட்டிருப்பதைத் தேடி வாங்குவோம். அதை வீட்டில் அமைதியான அறையில் போட்டால் பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கும். குறை ஹெட்போனில் இல்லை, கேட்கிற இடத்தில் இருக்கிறது. ரயிலிலும் பேருந்திலும் கேட்பவர்கள் காதை அடைக்கும் இயர்போன் வாங்குங்கள். வீட்டிலோ பூங்காவிலோ மட்டும் கேட்பவர்களுக்குத் திறந்த வகை. இரண்டையும் சேர்த்து வாங்கினால்கூட நூறு வெள்ளியைத் தாண்டாது.

சத்தத்தைக் கூட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபெலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தினமும் ஜூரோங்கிலிருந்து சாங்கி வரை, தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, போய்வருபவருக்கு இரண்டு நாளில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். காதை நன்றாக அடைக்கும் இயர்போனுக்கு இதனாலும் மதிப்பு கூடுகிறது. வெளிச்சத்தம் குறைந்தால் உள்ளே கூட்டத் தேவையில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: இயர்போன் முனையில் மாட்டும் ரப்பர். ஐந்நூறு வெள்ளி இயர்போனையும் இருபது வெள்ளிச் சாமானாக மாற்றக்கூடியது இதுதான். ரப்பருக்கும் காதுத் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் பேஸ் அந்த வழியாக ஓடிவிடும். பெட்டியில் மூன்று அளவு கொடுத்திருப்பார்கள். பெரும்பாலோர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தர அளவை அப்படியே போட்டுக்கொண்டு, 'பேஸே இல்லை' என்பார்கள்.

சோதிப்பதற்கு நம்மிடம் நல்ல கருவி இருக்கிறது. மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். இடது பக்கத் தொப்பியில் வித்வான் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும்போது எழும் கும்கி உருண்டு ஏறுவது தெளிவாகக் கேட்க வேண்டும். வெறும் 'தொப், தொப்' என்று தட்டல் மட்டும் கேட்டால் காற்று கசிகிறது. அப்படியே இரண்டு இயர்போனையும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். கும்கி திடீரென்று வந்தால் ரப்பர் அளவு தவறு, ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள். அழுத்தியும் வரவில்லை என்றால் அந்த இயர்போனுக்கே பேஸ் குறைவு. மாட்டும்போது மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தபடி செருகினால் துளை நேராகும், ரப்பர் ஆழமாக உட்காரும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு சரிவரும் என்ற கட்டாயம் இல்லை. வலதுக்கு நடுத்தரம், இடதுக்குப் பெரிது என்பது சகஜம். எதுவுமே ஒத்துவராவிட்டால் ஐந்தாறு வெள்ளிக்கு வேறு வடிவ ரப்பர்கள் வாங்கிப் பாருங்கள். இந்தத் துறையில் இதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது. ஸ்பாஞ்சு வகை நன்றாக அடைக்கும், ஆனால் மேல்ஸ்தாயியைச் சற்று மழுக்கும். நம் வியர்வையில் சீக்கிரம் பிசுபிசுத்தும் போகும்.

மேல்பகுதிக்கு இன்னொரு சோதனை. பெண்குரல் பாட்டில் 'ச', 'ஸ' வரும் இடங்களைக் கவனியுங்கள். சீறிக்கொண்டு காதைக் குத்தினால் 6000 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கடையில் ஐந்து நிமிடம் கேட்கும்போது அது 'தெளிவு' போலத் தோன்றும், ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கும். மலிவு இயர்போன்களில் அதிகம் காணும் குறை இதுதான். ஆன்ட்ராய்டு கைப்பேசியில் வேவ்லெட் செயலியைப் போட்டு, பட்டியலில் உங்கள் இயர்போன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அதுவே சரிசெய்துவிடும். பெட்டியில் அச்சிட்ட '20 முதல் 40,000 ஹெர்ட்ஸ்' என்பதையெல்லாம் படித்து மயங்க வேண்டாம். எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

கைப்பேசியில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாதவர்கள் யுஎஸ்பி-சி மாற்றி வாங்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மூன்று வெள்ளிக்கு விற்கும் மாற்றிகளில் பல வெறும் கம்பிதான், உள்ளே ஒலியாக மாற்றும் சிப் இருக்காது. சாம்சங், பிக்சல் போன்ற பல கைப்பேசிகளில் அவை வேலையே செய்யாது. அந்தச் சிப்பின் பெயர் டிஏசி. 'டிஏசி உள்ளது' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆப்பிளின் சின்ன மாற்றி தரத்தில் மிகச் சிறந்தது, ஐபோன் 15 முதல் வந்தவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆன்ட்ராய்டில் மட்டும் அதன் சத்தம் பல சமயம் குறைவாக வரும்.

மலிவு இயர்போன் எதனால் கெடுகிறது? நம் ஊர்ப் புழுக்கத்தில் முதல் எதிரி ஈரம். வியர்வையோ ஏசியிலிருந்து வெயிலுக்கு வரும்போது படியும் நீரோ குழாய் முனை வலையை அடைத்துக்கொள்ளும், ஒரு பக்கம் சத்தம் இறங்கிவிடும். கெட்டுப்போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். முதலில் வலது இயர்போனை இடது காதிலும் இடதை வலது காதிலும் மாற்றிப் போடுங்கள். குறைவான சத்தம் காது மாறினால் குறை இயர்போனில். அதே காதிலேயே நின்றால் காதில் குறும்பி, இல்லையென்றால் ரப்பர் சரியாக உட்காரவில்லை. இயர்போன்தான் என்றால் ரப்பரைக் கழற்றி, முனையைத் தரையை நோக்கிப் பிடித்து, மென்மையான பழைய பல்துலக்கியால் தேயுங்கள். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். வாயால் ஊதாதீர்கள், ஈரம் இன்னும் உள்ளே போகும். ஸ்பிரிட் போட்டும் துடைக்காதீர்கள், வலையை ஒட்டிய பசை கரைந்துவிடும். சூ 2வில் முனையையே திருகிக் கழற்றலாம், அதற்காகவே அதற்குக் கூடுதல் மதிப்பெண்.

இரண்டாவது எதிரி கம்பி. பிளக் அருகில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துவிடும். ஆகவே கழற்றி மாட்டும் கம்பி உள்ளதையே வாங்குங்கள், புதிய கம்பி பத்து வெள்ளி. வாங்குமுன் கம்பி முனையிலுள்ள ஊசியின் ('பின்') அளவைப் பாருங்கள். மூன்ட்ராப், செவன்ஹெர்ட்ஸ் போன்றவை 0.78 மில்லிமீட்டர் இரண்டு பின், கேஇசட் நிறுவனத்தின் பலவற்றுக்கு வேறு வடிவம். தவறான வடிவத்தை வாங்கினால் தளரும் அல்லது உடையும். புதுக் கம்பி போட்டதும் பேஸ் காணாமல் போய், குரல் நடுவில் நிற்காமல் மங்கலாகப் பரவிக் கேட்டால் ஒரு பக்கம் தலைகீழாக மாட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பிச் செருகினால் போதும்.

கம்பியில்லாததற்கு வருவோம். புளூடூத் இயர்போனில் நீங்கள் கொடுக்கும் பணம் பேட்டரி, சிப், மைக், பெட்டி என்று பிரிந்து போகிறது. முப்பது வெள்ளியில் ஒலிக்கு மிஞ்சுவது கொஞ்சம். சுமாரான ஒலிக்கே அறுபது எழுபது வெள்ளி ஆகும். இரண்டு மூன்று ஆண்டில் பேட்டரி தளர்ந்துவிட்டால் மொத்தமும் குப்பை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கூடுதல் பணத்துக்கு உண்மையான பலன் கிடைக்கும் இடமும் இதுதான். ரயிலின் தாழ்ந்த உறுமலை ரப்பரால் முழுதாகத் தடுக்க முடியாது, இரைச்சல் நீக்கும் வசதி தடுக்கும். பக்கத்து இருக்கைப் பேச்சை அதனால் அவ்வளவாகக் குறைக்க முடியாது. நாள்தோறும் இரண்டு மணி நேரம் எம்ஆர்டியில் போகிறவர் இதற்காக நூறு வெள்ளி கொடுத்தால் அது வீண் செலவு இல்லை. அமைதிக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே வாங்குவது? சிட்டி ஹால் பக்கம் அடெல்ஃபி கட்டடத்தில் ஆடியோ கடைகள் இருக்கின்றன, போட்டுப் பார்த்து வாங்கலாம். உங்கள் பாட்டு உங்கள் கைப்பேசியிலேயே இருக்கட்டும், கடைக்காரர் போடும் பாட்டில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். இணையத்தில் வாங்கினால் நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கடையா என்று பாருங்கள். பிரபலமான பெரிய நிறுவனங்களின் போலிகள்தான் அதிகம், சூ, ஜீரோ போன்றவற்றில் அந்தத் தொல்லை குறைவு. 400 வெள்ளிக்குக் கீழான வெளிநாட்டுப் பொருளுக்கும் 2023 முதல் ஜிஎஸ்டி உண்டு, இப்போது 9 விழுக்காடு. ஆகவே விலையை ஒப்பிடும்போது கட்டணப் பக்கம்வரை போய்ப் பாருங்கள். உள்ளூரில் வாங்கிய பொருள் ஆறு மாதத்துக்குள் பழுதானால், வாங்கும்போதே குறை இருந்ததாகத்தான் 2012 முதல் நடப்பிலுள்ள சட்டம் எடுத்துக்கொள்ளும். பழுது பார்த்துக் கொடுப்பதோ மாற்றிக் கொடுப்பதோ விற்றவர் பொறுப்பு. முப்பது வெள்ளிச் சாமான்தானே என்று ரசீதைக் கசக்கிப் போடாமல் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள்.