‘பொழுதுபோக்குக்கு வாக்கி டாக்கி என்றால் உரிமம் வேண்டாம்’: பாதி உண்மை

“வியாபாரத்துக்குத்தான் உரிமம், பொழுதுபோக்காகப் பேசுபவர்களுக்குத் தேவையில்லை” என்றொரு தகவல் சுற்றுகிறது. இது பாதிதான் உண்மை. எதற்காகப் பேசுகிறீர்கள் என்பது மட்டும் போதாது. எந்த அலைவரிசையில், எவ்வளவு வாட் திறனில், எந்தக் கருவியில் பேசுகிறீர்கள் என்பதையும் சட்டம் பார்க்கிறது.

உரிமம் வேண்டாத வகை உண்டு. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட வாக்கி டாக்கி வகையான பிஎம்ஆர் 446 கருவிகள் அரை வாட்டைத் தாண்டக்கூடாது. ஆன்டெனாவைக் கழற்றவும் முடியாது. அமெரிக்காவில் அதுபோன்ற எஃப்ஆர்எஸ் வகைக்கு உச்சவரம்பு 2 வாட்.

குழப்பம் தொடங்குவது மலிவான 5 வாட் கருவிகளில்தான். ஆன்டெனா திருகிக் கழற்றும்படி இருக்கும். கருவியின் வீச்சுக்குள் விசைப்பலகையில் எந்த அலைவரிசை எண்ணைத் தட்டினாலும் அங்கே ஒலிபரப்பும், அது காவல்துறையின் அலைவரிசையாக இருந்தாலும். அதில் பிஎம்ஆர் 446 அலைவரிசையின் எண்ணைத் தட்டிவிட்டால் சட்டப்படி சரியாகிவிடும் என்பது இன்னொரு கட்டுக்கதை. உரிமவிலக்கு அந்தக் கருவிக்கு இல்லையே!

ஆர்வலர்கள் தங்கள் சொந்த நிலையத்திலிருந்து ஒருவரோடொருவர் பேசும் அமெச்சூர் (ஹாம்) வானொலியோ முழுக்க முழுக்கப் பொழுதுபோக்குதான். காசு வாங்கிப் பேசவே கூடாது. ஆனாலும் அந்த நிலையத்தை இயக்க விரும்புவோரின் தகுதியைச் சோதிக்க வேண்டும் என்கின்றன சர்வதேச வானொலி விதிகள். தேர்வு, உரிமம், நிலையத்தை அடையாளம் காட்டும் அழைப்புக்குறி எல்லாம் அதனால்தான்.

கடைக்காரர் தடையின்றி விற்றார் என்பது அனுமதி ஆகாது. வாங்குமுன் உங்கள் நாட்டு வானொலி ஒழுங்குமுறை அமைப்பின் உரிமவிலக்குப் பட்டியலைப் பாருங்கள்.